எதிர்க்கரை வீடும் இருபத்து நாலு அங்குலத் திரையும்

பல் செய்யும் கூடத்தில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறு என்பார். அதனால் வந்த பெயர். உங்களுக்கும் எனக்கும் பல் என்றால் வெள்ளை, மிஞ்சிப் போனால் மஞ்சள். அவருக்கு அப்படியில்லை. இது சாம்பல் ஓடின வெள்ளை, இது தேன் தொட்ட வெள்ளை, இதற்கு நுனியில் மட்டும் லேசாக நீலம் என்று பிரித்துச் சொல்லுவார். சொன்னபடி பொடியைக் குழைத்துப் பூசிச் சூளையில் வைத்து எடுத்தால், எது பிறவிப் பல், எது கட்டின பல் என்று வைத்தியருக்கே தடுமாறும். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

தொழிலுக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தார். நிறம் பார்ப்பது ஜன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில் மட்டும். ஐந்து எண்ணுவதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். ஒரு பல்லைப் பார்த்து முடித்ததும் மேசைமேல் விரித்திருக்கிற நீலத் துணியைக் கொஞ்சம் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ள வேண்டும். பதினாறு மாதிரிப் பற்களை வரிசையாகக் கோத்த பட்டை ஒன்று, ஷேட் கைடு என்பார்கள், அது எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பேருந்தில் கைக்குட்டை எடுக்கப் போய் அதை எடுத்துவிட, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கை தேடிப் போன கதையெல்லாம் உண்டு.

இவ்வளவு கூர்மையான கண் உள்ள மனிதர், ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் மனைவியிடம், தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி வேறு தேசத்தில் இருந்தாள். நடக்க முடியாத ஒரு பெரியவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற வேலை. பிள்ளைகள் இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான் குடும்பம். கண்ணாடி அறுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு. கீழே கண்ணாடி கீறுகிற சத்தத்தில் பகலெல்லாம் பல் கூசும். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டதால் கடிகாரத்தை நாற்காலிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். உட்கார வருகிறவர்கள் முதலில் நேரத்தைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். நமக்கென்று ஒரு வீடு, நம் சுவர், நம் ஆணி என்று சொல்லித்தான் அவள் விமானம் ஏறினாள். இரண்டே வருஷம் என்றாள்.

இரண்டு வருஷம் முடிகிற சமயம் போனில் கேட்டாள்: "இன்னும் ரெண்டு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்குறாங்க. இருக்கட்டுமா?"

"உன் இஷ்டம்" என்றார் இவர்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு இவரைப் பிடித்து நன்றாக உலுக்க வேண்டும் போலிருக்கும். பெரிய மனதோடு விட்டுக்கொடுத்ததாக அவர் நினைத்தார். வேண்டாம், வந்துவிடு என்று ஒரு வார்த்தை வருமா என்று அவள் அங்கே காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சு வற்றியது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க, ஆச்சு, அங்க மழையா, இல்ல, சரி. இதற்கு ஒரு போன் எதற்கு?

வற்றின பேச்சில் தண்ணீர் விட்டது ஒரு கேம்தான். பெரியவரின் மகள் வேறு ஊருக்குக் குடி போகும்போது தன் கேம் விளையாடும் கம்ப்யூட்டரை, பெரிய திரையோடு, இவளுடைய அறையிலேயே விட்டுப் போனாள். போகிற போக்கில் ஒரு கேமையும் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேர், ஒரு படகு, ஒரு பெரிய ஏரி. விறகு பொறுக்கலாம், மீன் பிடிக்கலாம், படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கலாம். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. ஒருவர் ஒரு தேசத்திலும் மற்றவர் இன்னொரு தேசத்திலும் உட்கார்ந்துகொண்டு ஒரே படகில் போகலாம், காதில் மைக்கை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே போகலாம். இவர் கூடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கின கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு. அங்கே அது மதியம். பெரியவர் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் இருவரும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி சண்டை போட்டார்கள்.

"எடது பக்கம் போடுங்கன்னா வலது பக்கம் போடுறீங்க. பாறைல மோதப் போவுது!"

"நீ மொதல்ல துடுப்ப தண்ணிக்குள்ள வை. காத்துல வீசினா படகு எப்படிப் போவும்?"

போனில் கேட்க முடியாததெல்லாம் படகில் வந்தது. முழங்கால் வலி வந்தது, பெரியவர் அடிக்கிற லூட்டி வந்தது, பழைய வீட்டுக்காரரின் மூக்கைப் பற்றின சிரிப்பு வந்தது. துடுப்புப் போடுகிற ஆளுக்கு எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள், அதனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அப்படி ஒரு ஞாயிறில், கேமுக்குள் பொழுது சாய்கிற நேரம், படகு நடு ஏரியில் நிற்கும்போது அவள் சொன்னாள்: "அங்க பாருங்க. எதிர்க்கரைல ஒரு வீடு."

இவர் பார்த்தார். கரை இருக்க வேண்டிய இடத்தில் கரிதான் இருந்தது. அவருடைய மானிட்டர் கூடத்து அலுவலக மேசையில் பத்து வருஷம் உழைத்து ஓய்ந்தது. இடது மூலை மஞ்சள் பூத்துப் போய், பகல் காட்சி என்றால் வெளுத்த துணி, இருட்டுக் காட்சி என்றால் சட்டி அடி. கிட்டப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஒரு எல்லைக்கு மேல் படகைப் போக விடாமல் நீரோட்டம் திருப்பிவிட்டுவிடும். கேமை அப்படித்தான் செய்திருந்தார்கள்.

"தெரியுதா?"

"ஆமா ஆமா" என்றார். கிடைப்பதே இரண்டு மணி நேரம். அதில் தெரியல, எங்க, எந்தப் பக்கம் என்று பாதியைத் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பது சும்மா சொன்னதா? அடுத்த வாரம் அவள், "எத்தன ஜன்னல் இருக்கும்ங்க?" என்று கேட்டாள். இவர் வாய்க்கு வந்தபடி, "ரெண்டு" என்றார். அவள் துடுப்பு நின்றது. மாட்டிக்கொண்டோம் என்று இவர் நினைத்தார். அப்புறம் அவள், "ரெண்டா? ஆமா, ரெண்டுதான்" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கடுத்த வாரம் வாசலில் ஒரு மரம் என்றாள், ஆமாம் என்றார். பின்பக்கம் துணி காயப் போட இடம் இருக்கிறது என்றாள், இருக்கிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை இவ்வளவு லேசா என்று அவருக்கே ஆச்சரியம்.

கடைசியில் ஒரு நாள் அவள் கேட்டாள்: "கதவு என்ன நிறம்ங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஜன்னல், மரம், கொடி எது வேண்டுமானாலும் அளந்து விடலாம். நிறத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இருபத்தாறு வருஷத் தொழில் குறுக்கே வந்து நின்றது. "தூரத்துல சரியாத் தெரியலம்மா" என்று இழுத்தார்.

"உங்களுக்குத் தெரியாத நிறமா? நல்லா பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

அந்த வாரம் முழுக்க அந்தக் கதவு அவரைத் தூங்க விடவில்லை. அவள் வாராவாரம் பார்க்கிற ஒரு வீடு. அவள் கண்ணுக்குள் இருக்கிறது, இவர் கண்ணுக்குள் இல்லை. நாலு வருஷத்தில் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே பொருளைப் பார்த்தது என்று எதுவும் கிடையாது. ஒன்று இருந்தது, அதற்கும் இவர் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். இதற்கு நடுவில் அவள் இன்னொரு செய்தியும் சொல்லியிருந்தாள். மறுபடியும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டுப் பேப்பர் வந்திருக்கிறதாம், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். இவர் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

நல்ல மானிட்டர் ஒன்று வாங்குவது என்று முடிவானது. கூடத்தில் பல்லுக்குப் பாலிஷ் போடுகிற அம்மாவிடம் சொன்னபோது அவர் மோட்டாரையே நிறுத்திவிட்டார்.

"இந்த வயசுல கேமா? அந்தக் காசுக்கு உங்க கடைவாய்ப் பல்லக் கட்டிக்கலாம்ல? ஊருக்கெல்லாம் பல்லு செய்றவரு வாயில ஓட்டை. நல்லாவா இருக்கு?"

"மெல்றதுக்கு இன்னொரு பக்கம் இருக்கும்மா."

"அப்ப பாக்குறதுக்கு?"

"அதுக்குத்தான் வேற வழி இல்ல" என்றார். அந்த அம்மாள் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் கடை. ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே சிவப்புக் கார் பாய்ந்துகொண்டிருந்தது. விற்பனைக்கு நின்ற பெண் சுறுசுறுப்பானவள். "கேமிங்னா இது பாருங்க சார், நூத்தி எண்பது ஹெர்ட்ஸ், வளைஞ்ச ஸ்க்ரீன், பின்னாடி ஏழு கலர்ல லைட் எரியும்."

"படகு ஓட்றதுக்கு எதுக்கும்மா அவ்வளவு வேகம்? பின்னாடி எரியறது செவுத்துக்கு. எனக்கு முன்னாடி எரியணும். படம் நல்லா இருக்கணும், வெல கைக்கு அடக்கமா இருக்கணும். முக்கியமா இருட்டு நல்லாத் தெரியணும்."

"இருட்டு எதுக்கு சார் தெரியணும்?"

"அதுக்குள்ள ஒரு வீடு இருக்கு" என்றார். அந்தப் பெண் இதற்கு மேல் கேட்பது நல்லதல்ல என்று முடிவு செய்தாள்.

சட்டைப் பையிலிருந்து ஷேட் கைடை எடுத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் போடச் சொல்லி, பதினாறு பற்களையும் அதன்மேல் பிடித்தார். பக்கத்தில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி மெதுவாக நகர்ந்தார்கள். கடைக்காக எல்லாத் திரையிலும் வர்ணத்தை ஏற்றி வைத்திருப்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துபோயிற்று. "இந்த மேக்கப்ப எல்லாம் கழுவச் சொல்லும்மா. பொறந்த மூஞ்சியப் பாக்கணும்" என்றார். அவள் ஒவ்வொரு மானிட்டரின் செட்டிங்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். சிவப்புக் கார் பத்தும் பத்து விதமாக வாடிப்போயின.

முதல் மானிட்டரின் வெள்ளை நீலம் பாய்ந்து கிடந்தது. ஒருவன் வாயில் அந்த நிறத்தில் பல் இருந்தால் ஆள் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். விலை மட்டும் மிகக் குறைவு. அடுத்ததில் நேராக இருந்து பார்த்தால் பழுதில்லை, கொஞ்சம் குனிந்தால் மனிதர்கள் எல்லாம் பச்சையாகிவிட்டார்கள். ஐந்து எண்ணினார், பார்த்தார், திரும்பி அந்தப் பெண்ணின் நீலச் சீருடையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "சார், என்னை எதுக்கு சார் பாக்குறீங்க?" என்றாள். இவர் வெட்கப்பட்டு விஷயத்தை விளக்க, அவள் சிரித்துவிட்டு ஒரு நீல அட்டைப்பெட்டியைத் தூக்கி அவர் எதிரில் வைத்தாள்.

பிறகு விளக்குகளை அணைக்கச் சொன்னார். மேலாளர் எட்டிப் பார்த்தார், அவள் சமாளித்தாள். குகைக்குள் ஒருவன் தீப்பந்தத்தோடு நடக்கிற காட்சியை எல்லாத் திரையிலும் ஓட விட்டார்கள். வளைந்த திரையின் கறுப்பு மையைக் கொட்டினது போலிருந்தது.

"பாருங்க சார், இது விஏ பேனல், ஸ்க்ரீன்ல ஒரு ரகம். கறுப்புன்னா கறுப்பு. இந்த வெலைல இப்படி வேற எதுலயும் வராது" என்றாள் பெருமையாக.

கறுப்பு நல்ல கறுப்புதான். ஆனால் தீப்பந்தம் நகரும்போது பாறையின் நிழல்கள் ஒன்றோடொன்று இழுபட்டு அப்பிக்கொண்டன. அதற்குள் எது சுவர், எது ஆள் என்று தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில், தட்டையாக ஒன்று. ஐபிஎஸ் என்கிற இன்னொரு ரகம், இருபத்து நாலு அங்குலம், நூறு ஹெர்ட்ஸ். கறுப்பு கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பு. ஆனால் அந்தச் சாம்பலுக்குள் குகைச் சுவரில் ஈரம் ஓடியது தெரிந்தது, மூலையில் ஒரு உடைந்த பானை தெரிந்தது, நடந்து போகிறவனின் காதுமடல் தெரிந்தது. வெள்ளையும் பதினாறில் மூன்றாவது பல்லோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

"இத எடுத்துக்கிறேன்."

"அதுல ஸ்டாண்டு கொஞ்சம் ஆடும் சார்" என்றாள், நல்ல பெண், உண்மையைச் சொன்னாள்.

"ஆடட்டும். படகுதான?"

வீட்டுக்கு வந்து மாட்டி, நாற்காலிக் கடிகாரத்தைத் தரையில் இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டி, ஷேட் கைடை வைத்து வைத்துச் சரி பார்த்தார். கேமை மட்டும் திறக்கவில்லை. விரல் பரபரத்தது. ஆனால் அந்த வீட்டை அவள் இல்லாமல் முதல் தடவை பார்த்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? நாளைக்கு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். கதவின் நிறத்தைச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொன்ன பொய்களை எல்லாம் அந்த ஒரு நிறத்தில் உண்மையாக்கிவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிறு பத்து மணிக்கு ஏரி திறந்தது. தண்ணீர் என்று ஏழு மாதமாக எதன்மேல் துடுப்புப் போட்டாரோ அது தண்ணீரே அல்ல. இதுதான் தண்ணீர்; அடியில் கூழாங்கல் கிடந்தது, துடுப்பில் பாசி ஒட்டியிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய உருவத்தின் சால்வை பழுப்பு என்று நினைத்திருந்தார், நல்ல கருஞ்சிவப்பு. இந்தச் சிவப்பில் அவளிடம் நிஜமாகவே ஒரு புடவை உண்டு. அவளை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்ததும் கண் கலங்கி, புது மானிட்டரும் பழையது மாதிரியே தெரிந்தது.

"என்னங்க, துடுப்புப் போடலையா?"

"போடுறேன், போடுறேன்."

நடு ஏரிக்கு வந்தார்கள். பொழுது சாய்ந்தது. இவர் எதிர்க்கரையைப் பார்த்தார். ஐந்து எண்ணினார். பக்கத்தில் தயாராக மடித்து வைத்திருந்த நீலத் துணியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

பாறை. சரிவில் கோரைப் புல், பட்டுப்போன மூன்று மரம், ஒரு கிளையில் இரண்டு பறவை. ஒவ்வொரு புல்லும் எண்ணிவிடலாம் போலத் துல்லியம். ஜன்னல் இல்லை, கதவு இல்லை, துணி காயப் போடுகிற கொடி இல்லை.

யோசித்துச் சொல்லியிருக்கலாம். யோசிக்காமல், "வீடு இல்லையே" என்றார்.

அவள் சிரித்தாள். "வெளையாடாதீங்க."

"இல்லம்மா. உங்கிட்ட சொல்லல, புது மானிட்டர் வாங்கியிருக்கேன். இருட்டுக்குள்ள எறும்பு ஊர்ந்தாலும் தெரியுது. அங்க வெறும் பாறதான் இருக்கு."

சிரிப்பு நின்றது.

"அப்ப எதைப் பாத்து ரெண்டு ஜன்னல்னு சொன்னீங்க?"

"ஒண்ணும் தெரியலம்மா. பழைய மானிட்டர்ல எல்லாம் ஒரே கரி. நீ பாத்துட்டுச் சொல்றியேன்னு நானும் ஆமான்னேன். உன்னோட அந்த வீட்டப் பாக்கணும்னுதான் இதை வாங்கினேன்."

"அங்க எப்பவுமே வீடு கெடையாதுங்க." அவள் குரல் உடைந்தது. "ஒரு நாள் மனசு தாங்காம சும்மா சொன்னேன். நீங்க ஒடனே ஆமான்னீங்க. சரி, நீங்களும் எங்கூடச் சேந்து கட்டுறீங்கன்னு நெனச்சேன். ரெண்டு ஜன்னல்னு நீங்க சொன்ன அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. எது சமையல்கட்டு ஜன்னல்னு கூட முடிவு பண்ணிட்டேன். நீங்க என்னடான்னா..."

தன் கையாலேயே, அதுவும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கின சாமானைக் கொண்டு, அவளுடைய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டோம் என்பது பதினாறு வெள்ளை தெரிந்த மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம், திரும்பவும் ஒரு பொய் சொல்லிப் பூசி மெழுகலாம். இரண்டும் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. நெஞ்சில் நாலு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது வாய்க்கு வந்தது.

"எனக்கு அந்த வீடு வேண்டாம்மா."

"அதான் பாறன்னு சொல்லிட்டீங்களே."

"அதச் சொல்லல. எந்த வீடும் வேண்டாம். இந்த ரெண்டு ரூமே போதும். கடியாரம் நாற்காலிலயே இருந்துட்டுப் போகட்டும். நீ இல்லாம எனக்கு முடியல. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாத. வந்துடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நாலு வருஷம்ங்க" என்றாள். "இத சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு மானிட்டர் வாங்க வேண்டியிருந்துச்சா?"

அவர் பதில் சொல்வதற்குள் அங்கே மணிச் சத்தம். பெரியவர் விழித்துக்கொண்டார். வழக்கமாக மணி அடித்தால் அவள், சரி, அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு அணைத்துவிடுவாள்.

"இருங்க" என்றாள். "அவருக்கு மாத்திரை குடுத்துட்டு வரேன். போயிடாதீங்க."

செருப்புச் சத்தம் தூரப் போய்த் தேய்ந்தது. கருஞ்சிவப்புச் சால்வை மட்டும் படகின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு அடித்தது, அரை அடித்தது. கீழே கடைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். இவர் எழுந்திருக்கவில்லை.